சாம்பியன் ஹர்டில்: ஏழு பவுண்டு சலுகையும் பூட்டிய கதவும்

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் பழைய பந்தயங்களின் வெற்றியாளர் பட்டியல்களைப் படிப்பதில் ஒரு கிறுக்கு உண்டு. நூறு வருடத்துக்கு வருடா வருடம் ஒரே ஊர், ஒரே போட்டி, ஏறக்குறைய ஒரே விதிகள். டேட்டாவோடு வேலை செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்?

இந்த முறை கையில் எடுத்தது இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் மார்ச் மாதம் நடக்கும் சாம்பியன் ஹர்டில். தூரம் சுமார் 2 மைல், தாண்ட வேண்டிய தடைகள் 8, ஏறக்குறைய நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

முதலில் 'ஹர்டில்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம்மூரில் ஆட்டுக்கிடை போடும்போது சுற்றிலும் படல் கட்டி நிறுத்துவார்கள் இல்லையா, அதேதான். இங்கிலாந்தில் ஆட்டுப்பட்டிக்கு வைத்த மரப்படலுக்குத்தான் அந்தப் பெயர். அதை வரிசையாக நட்டுக் குதிரையைத் தாண்ட வைத்தது பிறகு தனி விளையாட்டாக ஆனது. உயரம் மூன்றரை அடிக்குக் குறையாது. குதிரையின் கால் பட்டால் படல் சாய்ந்து கொடுக்கும். கிராண்ட் நேஷனல் போன்ற ஸ்டீபிள்சேஸ் பந்தயங்களில் இருக்கும் நாலரை அடி வேலி அப்படிச் சாயாது. அதனால் ஹர்டிலில் வேகம் அதிகம்.

சாம்பியன் ஹர்டில் 1927-ல் தொடங்கியது. முதல் வருடம் ஓடியது நாலே குதிரைகள். ஜெயித்தது பிளாரிஸ், பரிசு 365 பவுண்டு. 1932-ல் மூன்றே குதிரைகள்தான் ஓடின. 1931-ல் உறைபனியாலும், 1943, 1944-ல் உலகப் போராலும், 2001-ல் கால்நடைகளுக்கு வந்த கோமாரி நோயாலும் பந்தயம் நடக்கவில்லை. ஆக, 2025 வரை மொத்தம் 95 பந்தயங்கள்.

இந்த 95 வரிகளையும் ஒரு ஷீட்டில் போட்டு உரிமையாளர், பயிற்சியாளர், குதிரை, ஜாக்கி என்று நாலு பத்திகள் வைத்தேன். ஒவ்வொரு பத்தியிலும் பெண் எப்போது வருகிறாள் என்று தேடினால், பந்தயத்தைத் தாண்டிய ஒரு வரலாறு கிடைக்கிறது.

உரிமையாளர் பத்தியில் தொடக்க காலத்திலேயே பெண்கள் இருக்கிறார்கள். பெரும் பணக்காரரான டோரத்தி பேஜட்டின் இன்ஷூரன்ஸ் என்ற குதிரை 1932, 1933 இரண்டு வருடமும் ஜெயித்தது. 1940-ல் சோல்ஃபோர்ட், 1946-ல் டிஸ்டெல் என்று மேலும் இரண்டு வெற்றிகள். பணம் போட யாருக்கும் தடையில்லை, அவ்வளவுதான்.

குதிரைப் பத்தியில் 1939-ல் ஆஃப்ரிக்கன் சிஸ்டர் ஜெயித்தது. பட்டியலின் முதல் பெண் குதிரை இதுதான். அடுத்த பெண் குதிரை வர 45 வருடம் ஆனது.

பயிற்சியாளர் பத்திதான் ரொம்ப வேடிக்கை. 1966 வரை பிரிட்டனில் பெண்ணுக்குப் பயிற்சியாளர் உரிமம் கிடையாது. லாயத்தை நடத்துவது, குதிரையைத் தயார் செய்வது எல்லாம் பெண்ணாக இருக்கலாம். உரிமம் மட்டும் அவரிடம் சம்பளம் வாங்கும் ஆண் ஊழியர் பெயரில் இருக்கும். பந்தயப் புத்தகத்திலும் அந்த ஆணின் பெயர்தான் அச்சாகும். இது என்ன நியாயம் என்று ஃப்ளாரன்ஸ் நேகிள் என்ற 70 வயது தாண்டிய பெண்மணி, விளையாட்டை ஆட்டிவைத்த ஜாக்கி கிளப்பின் மேல் வழக்குப் போட்டார். 1966-ல் டென்னிங் பிரபு இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கை விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்றது. கிளப் இறங்கி வந்து உரிமத்தைக் கொடுத்தது. சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு இந்த வழக்கு இன்றும் பாடம்.

அதாவது, 1966-க்கு முந்தைய வரிகளில் பயிற்சியாளர் என்று இருக்கும் பெயரை அப்படியே நம்ப முடியாது. டேட்டா சுத்தமாகத்தான் இருக்கும், அதைப் பதிவு செய்த விதி கோணலாக இருக்கும். சாம்பியன் ஹர்டிலில் பெண் பயிற்சியாளராக முதலில் ஜெயித்தவர் மெர்சி ரிமெல், 1983-ல், கே பிரீஃப் என்ற குதிரையோடு. கணவர் ஃப்ரெட் ரிமெல் 1981-ல் இறந்த பிறகு உரிமம் இவர் பெயருக்கு வந்தது.

அடுத்த வருடமே, 1984-ல், டான் ரன். அயர்லாந்தின் பெண் குதிரை. உரிமையாளர் சார்மியன் ஹில் பேரப்பிள்ளைகள் எடுத்த பாட்டி. 60 வயதைத் தாண்டிய அவர், 1982-ல் டான் ரன் முதன்முதலில் ஜெயித்தபோது தானே அதன் முதுகில் இருந்தார்! அதன்பின் வயதைக் காரணம் காட்டி அவர் குதிரை ஓட்டும் உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். குதிரை மட்டும் மேலே மேலே போனது. 1984-ல் சாம்பியன் ஹர்டில், 1986-ல் செல்ட்டன்ஹாம் கோல்ட் கப். இந்த இரண்டையும் ஜெயித்த ஒரே குதிரை இன்றுவரை அதுதான். அதே 1986 ஜூனில் பாரிஸின் ஓட்டேயில் நடந்த பிரெஞ்சு ஹர்டில் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனது.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. 1984-ல் மற்ற குதிரைகள் சுமந்த எடை 12 ஸ்டோன், அதாவது 168 பவுண்டு. பெண் குதிரை என்பதால் டான் ரன்னுக்கு 5 பவுண்டு குறைவு. அது ஜெயித்தது முக்கால் நீளத்தில். ('நீளம்' என்பது மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரையின் அளவு.) தடை தாண்டும் பந்தயங்களில் ஒரு நீளத்துக்கு ஒரு பவுண்டு என்பது தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் சலுகை இல்லாமல் டான் ரன் தோற்றிருக்கும். "அப்போ அது ஓசி வெற்றிதானே?" என்று கேட்கலாம். அன்றிலிருந்து இன்றுவரை அந்த முணுமுணுப்பு உண்டு. இன்று பொதுவான எடை 164 பவுண்டு, பெண் குதிரைக்கு 7 பவுண்டு குறைவு. முணுமுணுப்பும் கூடியிருக்கிறது.

ஆனால் பட்டியல் வேறு சொல்கிறது. 2015 வரை நடந்த 85 பந்தயங்களில் பெண் குதிரைகள் ஜெயித்தது மூன்றே முறை. மூன்றாவது 1994-ன் ஃப்ளேக்கி டவ். 2016 முதல் 2025 வரையிலான பத்துப் பந்தயங்களில் ஐந்து முறை: ஆனி பவர், எபடான்ட், இரண்டு முறை ஹனிசக்கிள், கோல்டன் ஏஸ். சலுகை 1980-களிலிருந்தே இருக்கிறதே, பிறகு ஏன் இத்தனை வருடம் தாமதம்? சலுகை மட்டுமே காரணம் என்றால் எண்ணிக்கை அப்போதே ஏறியிருக்க வேண்டும்.

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. முன்பெல்லாம் பெண் குதிரை என்றால் சீக்கிரமே குட்டி போட அனுப்பிவிடுவார்கள். களத்தில் ஓடியவை பெரும்பாலும் காயடித்த ஆண் குதிரைகள். பிறகுதான் பெண் குதிரைகளுக்கென்றே நல்ல பரிசோடு தனிப் பந்தயங்கள் வந்தன. செல்ட்டன்ஹாமிலேயே 2008-ல் ஒன்று தொடங்கியது. அதை குவேவேகா 2009 முதல் 2014 வரை தொடர்ந்து ஆறு முறை ஜெயித்தது. பெண் குதிரையை லாயத்தில் வைத்துப் பயிற்சி கொடுத்தால் லாபம் என்றானது. நிறைய பேர் களத்துக்கு வந்தால்தானே நல்லது மேலே வரும்? 7 பவுண்டு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரிய வேலையைச் செய்தது வாய்ப்புதான்.

கடைசிப் பத்தி, ஜாக்கி. பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் பெண்கள் ஓட்ட அனுமதி கிடைத்ததே 1976-ல்தான், பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான 1975 சட்டத்துக்குப் பிறகு. அதற்குப் பிறகும் சாம்பியன் ஹர்டிலில் 45 வருடம் பெண் பெயர் இல்லை. (மறுபடியும் அதே 45! தற்செயல்தான், அர்த்தம் தேட வேண்டாம்.) 2021 மார்ச் 16, கொரோனாவால் ரசிகர்களே இல்லாத மைதானம். அயர்லாந்தின் ரேச்சல் பிளாக்மோர் ஹனிசக்கிளில் ஆறரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த மாதம் கிராண்ட் நேஷனல், மறு வருடம் மறுபடி சாம்பியன் ஹர்டில், கூடவே கோல்ட் கப்.

ஹனிசக்கிளுக்கு 7 பவுண்டு சலுகை உண்டு. பிளாக்மோருக்கு? பூஜ்யம். 2017-ல் பிரான்ஸில் பல பந்தயங்களில் பெண் ஜாக்கிகளுக்கு 2 கிலோ சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். செல்ட்டன்ஹாமில் அப்படி எதுவும் கிடையாது. ஆண் ஜாக்கியோ பெண் ஜாக்கியோ, குதிரை சுமக்க வேண்டியது ஒரே எடைதான். நேகிள் கேட்டதும் சலுகை இல்லை, தான் செய்யும் வேலைக்குத் தன் பெயரில் ஒரு உரிமம்.

யாராவது "பெண்களுக்குத் திறமை இருந்தால் பட்டியலில் வந்திருப்பார்களே" என்று சொன்னால் (ஆபீஸ் மீட்டிங்குகளில் இதே வாதத்தை வேறு வேறு வார்த்தைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன்) எனக்கு இந்த ஷீட்தான் ஞாபகம் வருகிறது. காலியாக இருக்கும் கட்டம் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்த வருடம் கதவு திறந்திருந்ததா என்பதை முதலில் பார்க்கணும். திறந்த பிறகும் உள்ளே வர எத்தனை வருடம் பிடிக்கிறது என்பதை அடுத்துப் பார்க்கணும்.

பிளாக்மோர் 2025 மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். 95 வரிகள் உள்ள ஜாக்கி பத்தியில் பெண் பெயர் இரண்டு கட்டங்களில் இருக்கிறது. இரண்டும் அவருடையவைதான்.