ஹீமோஃபிலியாவும் கூட்டுத் தொற்றும்

காயம்பட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ பிறவியிலேயே குறைந்திருப்பதும், பெரும்பாலும் தாய்வழியாக ஆண்மக்களைப் பற்றுவதும் ஆகிய நோய்க்கு ஹீமோஃபிலியா என்று பெயர். காரியாபட்டி வட்டாரத்துக் கிராமத்திலிருந்து, அடியேதும் படாமலே முழங்கால் வீங்கிப்போன பையனை இடுப்பில் சுமந்து, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிற தாயிடம் கேட்டால் இதன் லட்சணம் முழுவதையும் சொல்லிவிடுவாள். இந்நோயாளரை எச்.ஐ.வி. பற்றியபோது, உடன் குடியிருந்த பிற வைரஸ்கள் அதன் போக்கை எவ்வாறு மாற்றின என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

உறையவைத்த பிளாஸ்மாவை மெல்ல உருகவிட்டால் அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை 1960-களின் மத்தியில் அமெரிக்காவில் ஜூடித் பூல் அம்மையார் கண்டறிந்தார். அடுத்து வந்த செறிவூட்டிய காரணியோ, சிறு குப்பியில் வெண்பொடியாக இருக்கும். நீர் சேர்த்து, நுரை எழாதபடி குலுக்காமல் உருட்டிக் கரைத்து ஏற்றினால் வீக்கம் தணியும். ஆனால் அப்பொடி ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து வடித்தது; ஒருவனிடம் இருந்த கிருமி அத்தனை குப்பிக்கும் பரவிற்று. 1982 ஜூலையில் மூன்று ஹீமோஃபிலியா நோயாளரிடம் எய்ட்ஸின் அடையாளம் தென்பட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது. காரணியைச் சூடேற்றிக் கிருமியழிக்கும் முறை 1985 வாக்கில் நிலைபெறுமுன், அந்நாட்டு ஹீமோஃபிலியா நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேரை எச்.ஐ.வி. பற்றிவிட்டது.

அதே குப்பி ஹெபடைட்டிஸ் சி வைரஸையும் கொண்டுவந்திருந்தது. அது இன்னதென்று 1989-இல்தான் தெரிந்தது. இரண்டும் சேர்ந்த, அதாவது கூட்டுத் தொற்றுள்ள சரீரத்தில், எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கக் குலைக்க, ஈரலில் சி வைரஸ் தடையின்றிப் பெருகி, மெதுவாக வரவேண்டிய ஈரல் சுருக்கத்தை விரைவுபடுத்திற்று என்பதில் ஐயமில்லை. மறுதலையாக, சி வைரஸ் எய்ட்ஸைத் துரிதப்படுத்துகிறதா என்பதில் ஆய்வாளர் ஒருமனப்படவில்லை; ரத்தத்தில் அதன் அளவு மிகுந்தோரிடம் எச்.ஐ.வி. நோயும் விரைந்து முற்றியதாகச் சில ஆய்வுகள் காட்டின. 1996-க்குப்பின் கூட்டு மருந்துச் சிகிச்சை எய்ட்ஸை அடக்கியபோது, அதிலிருந்து தப்பிய பலரை ஈரல் நோயே கொண்டுபோயிற்று. பின்னாளில் வந்த நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் சி வைரஸைப் பெரும்பாலோரின் உடலினின்று அறவே நீக்கிவிடுகின்றன.

சைட்டோமெகலோ வைரஸ் குப்பிவழி வந்ததன்று. நம் நாட்டில் சிறுவயதிலேயே ஏறக்குறைய எல்லோரையும் பற்றிக்கொள்வது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், இது முன்பே பற்றியிருந்த ஹீமோஃபிலியா நோயாளர் மற்றவரைவிட வேகமாக எய்ட்ஸ் நிலையை அடைந்தனர். இதற்கு நேர்மாறாக, ஜிபி-சி என்னும் சாதுவான வைரஸை உடன்கொண்டோர் மெதுவாகவே நலிந்தனர் என்று பல ஆய்வுகள் கூறின. கூடவந்ததெல்லாம் பகையல்ல என்பது இவ்வரலாற்றில் எனக்கு வியப்பளிக்கும் பகுதி.

இந்தியாவில் விலையுயர்ந்த காரணிக் குப்பி எட்டாததால், பெரும்பாலோர் தனித்தனிக் கொடையாளரின் பிளாஸ்மாவையே நம்பினர். ஏழ்மை இங்கே ஓரளவு கவசமாயிற்று என்று சொல்லத் தோன்றினாலும், பலமுறை ஏற்றிக்கொள்பவனுக்கு அது கிழிந்த கவசமே. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் எச்.ஐ.வி.யை நாட்டில் முதன்முதல் கண்டறிந்தனர்; தானரத்தத்தில் அதற்கான சோதனை 1989-இல் கட்டாயமாயிற்று; பணத்துக்கு ரத்தம் விற்பது உச்சநீதிமன்ற ஆணைப்படி 1998 முதல் தடைசெய்யப்பட்டது.

விதி இருந்தும் வழுவுண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில், ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிற்று. அவர் ஹீமோஃபிலியா நோயாளி அல்லர். ஆயினும் அந்த ரத்தத்தைக் கொடுத்த கொடையாளிக்கு எச்.ஐ.வி.யோடு ஹெபடைட்டிஸ் பி-யும் இருந்தது 2016-லேயே சோதனையில் தெரிந்தும் அக்கொடையாளியிடம் சொல்லப்படவில்லை என்று செய்திகள் வந்தபோது, கூட்டுத் தொற்று என்பது ஏட்டுச் சொல்லாக இருக்கவில்லை. 2019-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது.

இன்று காரணி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நோயாளரின் சொந்த ஸ்டெம் செல்களிலேயே எட்டாம் காரணியின் ஜீனைச் சேர்த்துச் செலுத்திய ஐவரின் விவரம் 2024 டிசம்பரில் வெளியாயிற்று. கண்காணித்த காலம்வரை அவ்வைவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு நேரவில்லை.