கூர் இல்லாத உளி

தச்சர் பெட்டியைத் திறந்தால் உளிகளோடு, உளி என்று பெயரை முடித்துக்கொள்ளும் வேறு இரண்டு கருவிகளும் கிடக்கும். ஒன்று இழைப்புளி. கட்டைக்குள் சாய்த்து வைத்து ஆப்பு அடித்து இறுக்கிய உளிதான் அது, பெயரில் பிழை சொல்ல முடியாது. மற்றது திருப்புளி. இதுதான் இடிக்கிறது. வெட்டுவதும் செதுக்குவதும் உளியின் வேலை. திருப்புளி எதையும் வெட்டாது, வெட்டினால் ஆணியின் தலை பாழ்.

திருப்பு, உளி என்ற இரண்டும் சேர்ந்த வினைத்தொகை இது, ஊறுகாயைப் போல. உயிரெழுத்து வந்ததும் பின்வாங்கும் குற்றியலுகரத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாததால் திரு-புளி என்று பிரித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. பேச்சில் ளகரம் தேய்ந்து புலியாகவும் ஆகிவிடும். உளி பழைய சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே வடிவில் இருக்கிறது. முதற்பாதிதான் யோசிக்க வைக்கிறது. திருகு என்ற சொல் கையருகே இருக்கும்போது 'திருப்பு' எதற்கு? திருகுவதில் ஒரு முரட்டுத்தனம் உண்டு: காதைத் திருகுகிறோம், கோழியின் கழுத்தைத் திருகுகிறோம். திருப்புவது இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் வரும். முடுக்கவும் கழற்றவும் ஆன கருவிக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கணிப்பு.

காதணியின் திருகாணிக்கு விரல் நுனி போதும், கருவி வேண்டாம். தலையில் ஒரு கோடு கீறிய மரையாணிக்குத்தான் அந்தக் கோட்டுக்குள் நுழைய ஒரு தட்டையான வாய் தேவை. அப்படி ஒரு வாய் தச்சரிடம் ஏற்கெனவே இருந்தது. கைப்பிடி, கம்பி, பட்டையான முனை என்று உருவத்தில் அது உளியேதான். பெயர் வைத்தவர் கருவியின் வேலையைப் பார்ப்பதற்கு முன் உருவத்தைப் பார்த்திருக்கிறார்.

தமிழர் மட்டும் இப்படிப் பார்க்கவில்லை. சிங்களத்தில் இதற்கு 'இஸ்குருப்பு நியன' என்று பெயர். முதற்பாதி டச்சுக்காரர்களின் 'ஸ்க்ரூஃப்', பிற்பாதிக்கு உளி என்று பொருள். சீனப் பெயர்களில் இரண்டு: ஒன்று திருகாணிக் கத்தி, மற்றது மாற்றிய குத்தூசி. ஒரு கருவியை வேறொன்றாக ஆக்கிக்கொண்டதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் பெயர் வேறு மொழியில் என் கண்ணில் பட்டதில்லை. இந்தியின் 'பேச்கஸ்' ஆணியை இழுக்கிறது. ஜெர்மன் பேச்சு வழக்கும் இழுக்கத்தான் செய்கிறது, அங்கே தொழில்நுட்பப் புத்தகங்கள் அதைத் திருத்தி 'திருப்பி' என்று எழுதுகின்றன. ஆயிரமாண்டின் சிறந்த கருவி எது என்று தேடப்போய் இதைத் தேர்ந்தெடுத்து, 2000இல் ஒரு புத்தகமே எழுதினார் விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி. ஆங்கிலத்தில் 'ஸ்க்ரூடிரைவர்' நிலைப்பதற்கு முன் 'டர்ன்ஸ்க்ரூ' என்ற பெயர் வழங்கியதை அவர் காட்டுகிறார். அந்தப் பழைய பெயரும் நம்முடையதும் ஒரே வினையைத்தான் பிடித்திருக்கின்றன.

உருவம் ஒன்றானாலும் எஃகின் பக்குவம் வேறு. சிவக்கக் காய்ச்சித் தோய்த்த எஃகு கடினமாக இருக்கும், ஆனால் நொறுங்கும். அதனால் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி மெல்லச் சூடு காட்டுவார்கள். 230 டிகிரி செல்சியஸை ஒட்டி மேற்பரப்பில் வைக்கோல் நிறம் ஓடும். 300ஐ நெருங்கும்போது நீலம். உளியை வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிட வேண்டும், கூர் நிற்கும். திருப்புளியை நீலம் வரை விடலாம். கொஞ்சம் கடினம் குறையும், முறுக்குத் தாங்கும்.

வீட்டுப் பட்டறையில் பழைய உளியைத் தேய்த்துத் திருப்புளி ஆக்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். முனை பொளிந்து விழும். பொளியாவிட்டால் வழுக்கும். உளியின் வாய் ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால், திருப்பும் விசையில் ஒரு பங்கு முனையையே கோட்டிலிருந்து வெளியே தள்ளுகிறது. முனையோரத்தில் இரண்டு முகங்களும் இணையாக இருக்கும்படி அரத்தால் ராவிவிட்டால் அதே கம்பி கோட்டுக்குள் உட்கார்ந்துவிடும். ரேடியோ, கடிகாரம் போன்ற சிறு வேலைக்கு சைக்கிள் போக்ஸ் கம்பியின் நுனியைத் தட்டிப் பட்டையாக்கி ராவிக்கொள்ளலாம். கைப்பிடிக்குத் தீர்ந்த பேனாவின் குழல் போதும். பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒரே திசையில் பலமுறை இழுத்தால், விழுந்த ஆணியைத் தூக்கும் சக்தியும் அதற்கு வந்துவிடும். நட்சத்திரக் குழி தேய்ந்துபோன ஆணியா? ஹேக்ஸா பிளேடால் தலையில் குறுக்கே ஒரு கோடு அறுத்தால் பட்டைத் திருப்புளிக்கு வேலை வந்துவிடும். அறுப்பது அதிகமானால் தலையே பிளந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உளியைத் திருப்புளி ஆக்குவதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு போக்கு ஓயாமல் நடக்கிறது. திருப்புளி கையில் வந்ததும் அதை உளியாகவே பழக்குகிறோம். பெயின்ட் டப்பா மூடியை நெம்புகிறோம். சுவரில் காய்ந்த பட்டியைச் சுரண்டுகிறோம். கதவில் கொண்டிக்குக் குழி வேண்டுமென்றால் பின்னால் சுத்தியலால் ஒரு போடு போடுகிறோம். கைப்பிடி பிளக்கிறது, கம்பி வளைகிறது. சைக்கிள் டயரை நெம்பினால் டியூபைக் கிள்ளிவிடும், அதற்கு ஸ்பூனின் காம்பு எவ்வளவோ மேல். டெஸ்டரின் நிலைமை இன்னும் மோசம். உள்ளே நியான் விளக்கும் மின்தடையும் அடைத்த சோதனைக் கருவியை முறுக்கும் வேலைக்கு விட்டால் பிளாஸ்டிக் கீறி, பின்னாளில் மின்சாரம் கையைப் பதம் பார்க்கும். இந்த ஒன்றை மட்டும் சிக்கனம் என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

எனக்குப் பிடித்த பயன்பாட்டில் உளியும் இல்லை, திருப்புதலும் இல்லை. ஓடும் எஞ்சினின் உறைமேல் நீளத் திருப்புளியின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார் மெக்கானிக். பேரிங் எங்கே கரகரக்கிறது என்று கம்பி வழியே வந்து சேரும். மருத்துவரின் குழாய்க்குப் பெயர் உண்டு. இதற்குத் தனிப் பெயர் யாரும் வைக்கவில்லை.

அடிப்பவர்களைத் திருத்த முடியாது என்று தெரிந்தோ என்னவோ, கம்பியைக் கைப்பிடியின் மறுமுனை வரை ஓடவிட்டு அங்கே இரும்புத் தொப்பி போட்ட திருப்புளிகளும் கடையில் கிடைக்கின்றன. அதையும் தாண்டிய ஒன்று இரு சக்கர வாகனப் பட்டறைகளில் இருக்கிறது. எஞ்சின் மூடியின் ஆணிகள் வெப்பத்தில் இறுகி, எந்தத் திருப்புளிக்கும் மசியாதபோது தடித்த குழல் போன்ற அந்தக் கருவியை ஆணியில் பொருத்திச் சுத்தியலால் அடிப்பார்கள். உள்ளே சாய்வாக வெட்டிய தடங்கள் அடியைத் திருப்பமாக மாற்றுகின்றன. அடியே ஆணியை அழுத்திப் பிடிப்பதால் முனை வெளியே வழுக்குவதும் இல்லை. உளியைப் போல அடி வாங்கித் திருப்பவும் செய்வது இது ஒன்றுதான். பட்டறைகளில் அதை 'இம்பேக்ட்' என்கிறார்கள்.