விலங்குகளின் இட நினைவும் மூளைப் பகுதிகளும்

இரை, கூடு, ஆபத்து எங்கே உள்ளன என்பதை விலங்கு மனத்தில் இருத்தும் திறன் இட நினைவு. பாலூட்டிகளில் இதன் முதன்மை மூளைப் பகுதி ஹிப்போகேம்பஸ். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது முனைப்பாகச் செயல்படும் 'இடச் செல்களை' ஜான் ஓ'கீஃபும் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971இல் அங்கே கண்டனர். அடுத்துள்ள என்டோரைனல் புறணியின் 'கட்டச் செல்கள்', எலி நடமாடும் தரையில் அறுகோண ஒழுங்கில் அமைந்த புள்ளிகளில் செயல்படுகின்றன. 2005இல் இவற்றை அறிவித்த மோசர் இணையர், ஓ'கீஃபுடன் 2014ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

ஹிப்போகேம்பஸின் பங்கை ரிச்சர்ட் மோரிஸின் நீர்த்தொட்டிச் சோதனை தெளிவாகக் காட்டுகிறது. கலங்கிய நீருக்கடியில் சிறு மேடை மறைந்திருக்கும். நலமான எலி, அறையின் அடையாளங்களைப் பார்த்துப் பழகி, நேராக அங்கே நீந்தும். ஹிப்போகேம்பஸ் சிதைந்த எலி தொட்டியெங்கும் தேடி அலையும். மேடை நீருக்கு மேலே தெரிந்தாலோ அதுவும் எளிதில் சென்றடையும். ஆகவே பார்வையிலோ நீந்தும் வலிமையிலோ குறையில்லை.

ஆனால் பழகிய வழியில் தானாகவே, எடுத்துக்காட்டாக வலப்புறம், திரும்பும் பழக்கம் மூளையின் மற்றொரு பகுதியான ஸ்ட்ரையேட்டத்தைச் சார்ந்தது. தொடக்கத்தில் இடமறிந்து செல்லும் எலி, பயிற்சி நீளும்போது இப்பழக்கத்துக்கு மாறுகிறது. அந்நிலையில் ஸ்ட்ரையேட்டத்தின் காடேட் பகுதியை மருந்தால் தற்காலிகமாக முடக்கினால், இட நினைவு மீண்டும் வழிகாட்டுகிறது. பழைய நினைவு அழியாமல் இருந்தது என்பதே இதில் வியப்பு.

உணவைப் பல இடங்களில் பதுக்கும் சிக்கடி போன்ற பறவைகளுக்கும் ஹிப்போகேம்பஸ் இன்றியமையாதது.