ஒட்சிசனும் முதுமையும்: ஒரு கருதுகோளின் வரலாறு

தீ எரிவதற்கும் இரும்பு துருப்பிடிப்பதற்கும் காரணமான ஒட்சிசனே மனிதனின் உயிர்மூச்சுக்கும் ஆதாரமாக விளங்குகின்றது. உயிரை வளர்க்கும் அதே பொருள் உயிரைத் தேய்க்கவுங்கூடும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விஞ்ஞானத்தில் வேரூன்றலாயிற்று. முதியோரின் மூளையைக் காக்கும் மருந்து தாவரங்களில் உண்டென்ற பெருநம்பிக்கையாக அவ்வெண்ணம் வளர்ந்தவாற்றையும், பின்னர் சோதனைக்குட்பட்டுத் தளர்ந்தவாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிகை ஒட்சிசனும் எக்ஸ் கதிரும் உடலை ஒரே வழியில், அதாவது சுயாதீன மூலிகங்களைத் தோற்றுவிப்பதன் வாயிலாக, ஊறுபடுத்துகின்றன என்று 1954 இல் றெபேக்கா கேர்ஷ்மனும் அவர்தம் குழுவினரும் எடுத்துரைத்தனர். சோடி சேராத இலத்திரனைக் கொண்ட இம்மூலிகங்கள் அண்டை மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைக்கவல்லன. இரசாயனவியலாளராயிருந்து மருத்துவரான டென்ஹம் ஹாமன், முதுமைக்கும் இதுவே காரணமாகலாம் என 1956 இல் எழுதினார். 1969 இல் ஜோ மக்கோட், இர்வின் ஃபிரிடோவிச் ஆகிய இருவரும் இத்தகைய மூலிகமொன்றை அகற்றும் நொதியத்தை இனங்கண்டபோது அக்கருத்து வலுப்பெற்றது. உடல் ஒரு காவலனை வைத்திருக்குமாயின் பகைவனும் இருத்தல் வேண்டுமன்றோ?

மூளையின் நிறை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும் ஓய்வு நிலையில் உடல் நுகரும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே பெறுகின்றது. எளிதில் ஒட்சியேற்றமடையும் கொழுப்பும் அங்கு மிகுதி. ஆகவே ஆய்வாளரின் கவனம் மூளைபாற் சென்றது இயல்பேயாகும். 1999 இல் ஜேம்ஸ் ஜோசப் குழுவினர், பசளி, ஸ்ட்ரோபெரி, புளூபெரி ஆகியவற்றின் சாறுகளை முதிய எலிகளுக்கு எட்டு வாரம் ஊட்டி, நினைவாற்றலில் முன்னேற்றம் கண்டனர். 2001 இல், அல்சைமர் நோய்க்கூறு கொண்ட சுண்டெலிகளிலே, நம் அடுக்களை மஞ்சளின் குர்க்குமின் நற்பயன் தந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் மனிதரிடத்து நிகழ்ந்தது வேறு. 1994 இல் வெளியான பின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேருள் பீற்றா கரோட்டின் உட்கொண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 சதவீதம் அதிகரித்தது. இலேசான நினைவுக்குறைபாடுடைய 769 பேரை மூன்றாண்டுகள் அவதானித்த 2005 ஆம் ஆண்டு ஆய்வில், விற்றமின் ஈ அல்சைமர் நோயைத் தடுக்கவில்லை. குர்க்குமினோ குடலிலிருந்து குருதியை அடைவதே அரிதாயிற்று.

இத்தோல்விகளுக்குக் காரணம் பல. தாவரப் பொருள்கள் குடலிலும் ஈரலிலும் உருமாறிச் சிறிதளவே மூளையை எட்டுகின்றன. மேலும் மூலிகங்கள் முற்றிலும் பகைவரல்ல. கலங்களிடையே செய்தி கொண்டுசெல்லும் பணியும் அவற்றுக்குண்டு. காய்கறியும் கனியும் உண்போரிடம் காணப்படும் நலன், அவற்றிலுள்ள ஒரு பொருளைப் பிரித்தெடுத்துக் குளிகையாக விழுங்குவோர்க்கும் கிட்டும் என்பது அவசர முடிபாகும்.

பெற்ற மகனின் பெயரையே மறந்துவிட்ட தாயொருத்திக்காக எத்தனையோ குடும்பங்கள் அரும்பொருள் செலவிட்டுக் குளிகைகளை வாங்குகின்றன. அவர்தம் ஏக்கத்தை நாம் எள்ளுதல் தகாது. எலியிற் கண்டதை மனிதர்க்கு உறுதியெனக் கூறி விற்போரைப் பொறுத்தலும் தகாது. ஹாமனின் கருதுகோள் முழுமையாக நிலைபெறவில்லையெனினும், அது எழுப்பிய வினாக்களே முதுமையை ஆராயத்தக்க பொருளாக்கின. அழகிய கருதுகோளாயினும் மனிதரிடத்துச் சோதித்த பின்னரே மருந்தாதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.