பகல் பணியும் இரவுப் பாடமும்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் காப்பார். ஒரு காலத்தில் இதனைச் சூழ ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பின்னர்ச் செம்பனை வந்தது. இன்று தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பெருகிவிட்டன. விடியுமுன் பிரட்டுக்களத்தில் கூடிய மக்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே இருட்டில் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நிற்கின்றனர்.

அவர்களுள் ஒருவர் என் பழைய மாணவர். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கணக்கெழுத்தராக வேலை செய்கிறார். சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையின்போது என்னைக் காண வந்திருந்தார். பகுதி நேரமாக வணிக நிருவாகப் பட்டப்படிப்புப் படித்து மூன்றாம் ஆண்டை எட்டியிருந்தவர், நிதி நிருவாகத் தாளில் இருமுறை தவறிவிட்டார். வீட்டிலோ கைக்குழந்தை. "ஐயா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கக் கூடியவர்களுக்காகத்தானே பல்கலைக்கழகம் ஏற்பட்டது? என் போன்றவர்கள் இடையில் நுழைந்தது தவறுதானோ?" என்று கேட்டார். ஆறுதலாக ஏதோ சொல்லி அனுப்பினேன். ஆயினும் அவர் கேட்டது ஆறுதல் அன்று. அது வரலாற்றைப் பற்றிய ஒரு கேள்வி. அதற்கு அன்று சொல்லத் தவறிய விடையை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

வேலை செய்து பிழைப்போர்க்கென ஏற்பட்ட மாலைநேரக் கல்வி இருநூறு ஆண்டுப் பழமை உடையது. 1823ஆம் ஆண்டில் ஜார்ஜ் பர்க்பெக் என்னும் மருத்துவரும் அவர்தம் நண்பர்களும் லண்டனில் கைவினைத் தொழிலாளர்க்கென ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினர். பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர்கள் இரவில் அங்கு வந்து அறிவியல் கேட்டனர். அதுவே பின்னர்ப் பர்க்பெக் கல்லூரியாகி, 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று.

அஞ்சல் வழிக் கல்வியின் தொடக்கமும் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பென்னிக் கட்டணத்தில் நாட்டின் எம்மூலைக்கும் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. அதனைப் பயன்படுத்திக்கொண்டு, ஐசக் பிட்மன் தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல் மூலம் கற்பித்தார். மாணவர்கள் எழுதி அனுப்பிய பயிற்சிகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். அஞ்சல் வழியே முதன்முதலில் பரவிய பாடங்களுள் ஒன்று அலுவலகத் தொழிற்பாடம் என்பதும், அதனால் பெரும்பயன் பெற்றோர் எழுத்தர்களே என்பதும் கருதத்தக்கவை. மலாயாவிலும் தமிழ்நாட்டிலும் தட்டெழுத்தும் பிட்மன் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர்! நம் குடும்பங்கள் பலவற்றில் முதல் மாதச் சம்பளம் அவ்வழியே வந்ததாகும்.

இவை யாவும் கல்வியைத் தந்தன, பட்டத்தைத் தரவில்லை. பட்டம் பெறக் கல்லூரியில் இருந்து பயின்றதாகச் சான்று காட்ட வேண்டியிருந்தது. 1858ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகம் பெற்ற புதிய சாசனம், மருத்துவம் நீங்கலாக ஏனைய துறைகளில் இத்தடையை நீக்கியது. எங்குப் பயின்றாய், யாரிடம் பயின்றாய் என்று இனி எவரும் வினவார். தேர்வில் வென்றால் பட்டம். 1865இல் மொரீசியசுத் தீவிலேயே இத்தேர்வு நடைபெற்றது. 1878இல் பெண்களுக்கும் பட்ட வாயில் திறக்கப்பட்டது. துணிக்கடையில் வேலை பழகிய எச். ஜி. வெல்ஸ், பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 1890இல் இவ்வழியில் அறிவியல் பட்டம் பெற்றார்.

இச்சீர்திருத்தத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் கொடுமையைப் பேசுவதில்லை. தேர்வை வகுப்பறையினின்றும் பிரித்தபோது, ஏழைக்குக் கதவு திறந்தது உண்மையே. ஆனால் ஆசிரியரும் உடன் பயில்வோரும் அக்கதவின் மறுபுறமே நின்றுவிட்டனர். ஐயம் தோன்றினால் கேட்க ஆளில்லை. தவறினால் ஏன் தவறினோம் என்று சொல்வாரும் இல்லை. அடுத்த நூற்றாண்டில் வந்த புதிய முறைகளெல்லாம், அன்று இழந்த ஆசிரியரை மீண்டும் கொண்டுவர முயன்றவையே என்பது என் கருத்து.

வணிகக் கல்வி பல்கலைக்கழகத்துள் நுழைந்தது சற்றுப் பிந்தியே. 1900இல் நியூயார்க் பல்கலைக்கழகம் தொடங்கிய வணிகப் பள்ளி, பகலில் கணக்கர்களாகப் பணியாற்றியோர்க்கு மாலையில் வகுப்பு நடத்தியது. பம்பாயில் 1913இல் சிடன்காம் வணிகக் கல்லூரி எழுந்தது. 1953இல் கல்கத்தாவில் நிருவாகவியலுக்கென ஒரு நிறுவனம் தோன்றியது. கணக்கரும் எழுத்தரும் மாலையில் வந்து கற்பது இத்துறைக்கு அதன் பிள்ளைப் பருவத்திலிருந்தே இயல்பானது. அவர்களை இடையில் நுழைந்தவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி நம் இனத்தாரைக் காண்போம். இலங்கையில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் தனிப் பல்கலைக்கழகம் அமையும்வரை, லண்டன் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் அத்தேர்வுகளை நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டில் டாக்டர் மு. வரதராசனார் வாழ்வை நினைவுகூரலாம். வட்ட அலுவலகத்தில் எழுத்தராகத் தொடங்கி, உடல்நலக் குறைவால் அதனை விட்டு, 1935இல் வித்துவான் தேர்வில் வென்றார். பள்ளித் தமிழாசிரியரானபின் 1939இல் பி.ஓ.எல். பட்டமும், கல்லூரி விரிவுரையாளராக இருந்துகொண்டே 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், 1948இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அவர் வணிகம் படித்தவர் அல்லர் எனினும், ஊதியத்தை விடாமல் பட்டம் பெறுவது இன்னதென அறிந்தவர்.

நம் தோட்டங்களின் நிலை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆசிரியர் வரவில்லை. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ தம் வேலைக்கிடையில் பாடம் சொன்னார். நம் மூதாதையர்க்கு மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரே பகுதி நேரத்தவர்! பின்னாளில் தமிழாசிரியர்கள் வார நாளில் கற்பித்து, வார இறுதியில் நார்மல் வகுப்புக்குச் சென்று பயிற்சி பெற்றனர். நம் பள்ளிகளை நிலைநிறுத்திய தலைமுறை அதுவே.

ஆயினும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்தது. அதன்பின் புகுமுக வகுப்பு. அதன்பின் வேறு மொழி. 1970இல் முதலாம் வகுப்பிலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. என் மாணவர் கூட்டலும் கழித்தலும் தமிழில் கற்றார். கணக்கியலை மலாயில் கற்றார். இன்று நிதி நிருவாகத்தை ஆங்கிலத்தில் கற்கிறார். மூளை ஒன்றே, மொழி மூன்று. இதனை அவருடைய மதிப்பெண் பட்டியல் எங்கும் குறிப்பதில்லை.

நம் நாட்டில் இவ்வழியைத் திறந்தது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1969இல் தோன்றிய அது, இரண்டே ஆண்டுகளில், 1971இல், பணியில் இருப்போர்க்கான வளாகத்திற்கு அப்பாற்பட்ட கல்வியைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே ஆண்டில்தான். பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு நின்றிருந்த என் போன்ற ஆசிரியர் பலர் இதனால் பட்டதாரிகளாயினர். பாட நூற்கட்டு அஞ்சலில் வரும். பள்ளி விடுமுறையில் ஏறத்தாழ மூன்று வாரம் பினாங்கில் தங்கிப் படிக்க வேண்டும். விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு காவல்துறை அதிகாரி. எதிர்க் கட்டிலில் ஓர் அஞ்சலக எழுத்தர். இரவு இரண்டு மணிக்கு அவர்களோடு விவாதித்தது, ஓராண்டு தனித்துப் படித்ததைவிட மிகுதியாகப் பயன்பட்டது. மேலே ஆசிரியர் மீண்டு வந்த கதையைச் சொன்னேனே, அவர் என்னிடம் வந்தது அந்த விடுதி அறையில்தான்.

வணிகம் பயில விரும்பியோர்க்கு இவ்வழி நெடுங்காலம் போதவில்லை. அவர்கள் லண்டன் வணிகச் சபையின் கணக்குப்பதிவுத் தேர்வுகளையும், கணக்காய்வு, செயலாளர் தொழில் தேர்வுகளையும் மாலை வகுப்புகளில் படித்தனர். பட்டம் பரவலாகக் கைக்கெட்டியது 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்திற்குப் பின்னரே. மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2001இல் 753 மாணவரோடு தொடங்கியது. வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2007இல் தன் முதல் மாணவரைச் சேர்த்தது. பணி அனுபவத்தையே நுழைவுத் தகுதியாகக் கருதும் முறையும் பின்னர் வந்தது. ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியைக் கல்விக்கென எடுக்கவும் இடமுண்டு. முதுமைக்கான பணத்தை இளமையில் செலவிடுவது எளிய முடிவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

'பகுதி நேரம்' என்னும் சொல்லே எனக்கு உவப்பில்லை. எட்டு மணி நேரம் கிடங்கு, இரண்டு மணி நேரம் சாலை, பின்பு குழந்தை, அதன்பின் பாடம். இதில் எது பகுதி?

சென்ற மாதம் அவர் மீண்டும் வந்தார். இதில் ஒரு பாதியையேனும் அவரிடம் வாயால் சொன்னேன். பிட்மன் கதையைக் கேட்டுச் சிரித்தார். அவர் பாட்டனாரும் சுருக்கெழுத்துக் கற்க முயன்று பாதியில் விட்டவராம். அத்தாளுக்கு மூன்றாம் முறையாகப் பதிந்துகொண்டுள்ளார். தேர்வு நாளன்று வேலை முறையை மாற்றித் தர மேற்பார்வையாளர் இசைந்துவிட்டார். வீட்டில்தான் படிக்க இடமில்லை. பள்ளி வாரியத்தாரிடம் பேசி, ஞாயிறு காலையில் ஆறாம் ஆண்டு வகுப்பறையைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். மாணவர் மேசை அவருக்குத் தாழ்வாக இருக்குமாதலால், ஆசிரியர் மேசையில் அமர்ந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன்.