ஜனாதிபதியின் மேடைப்பேச்சும் வெளியுறவுக் கொள்கையும்: பிரேமதாசாவும் இந்திய அமைதி காக்கும் படையும்

நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி ஒருவர், பகையாகவோ ஐயத்துக்குரியதாகவோ மக்கள் கருதும் அயல்நாட்டைக் குறித்துப் பொதுமேடையில் பேசும் சொற்கள், அந்நாட்டின்பால் அவரது அரசு பின்னர் மேற்கொள்ளக்கூடிய கொள்கையின் எல்லைகளையும் வகுத்துவிடுகின்றன. தெற்காசியாவில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, இந்திய அமைதி காக்கும் படை ஜூலை இறுதிக்குள் வெளியேற வேண்டுமென இலங்கை ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசா 1989 ஜூன் 1 அன்று விடுத்த அறிவிப்பாகும்.

கருத்தாக்கம்

மக்கள் முன் உறுதி கூறிய தலைவர் பின்வாங்கினால் உள்நாட்டில் செல்வாக்கை இழப்பார். அவையோர் முன் நேரும் இவ்விழப்பை அமெரிக்க அரசறிவியலார் ஜேம்ஸ் ஃபியரன் 1994-இல் விரிவாக விளக்கினார். மூடிய அறையில் விடுத்த மிரட்டலை ஓசையின்றிக் கைவிடலாம், மேடையில் விடுத்ததை அவ்வாறு கைவிட இயலாது என்பதால், பொதுப்பேச்சு பேசுபவரின் உறுதியை எதிர்நாட்டுக்குக் காட்டுவதோடு அவரது கையையும் கட்டிவிடுகிறது. எனினும் இந்தக் கட்டு நிலையானதன்று. 1983-இல் சோவியத் ஒன்றியத்தைத் 'தீய பேரரசு' என்று சாடிய ரொனால்ட் ரீகன், 1988-இல் மாஸ்கோவில் இருந்தபோது அக்கருத்து வேறொரு காலத்துக்குரியது என்று விலக்கிக்கொண்டார்.

பின்னணி

இலங்கையின் 1978 அரசியலமைப்பு, நாட்டுத் தலைமை, அரசாங்கத் தலைமை, முப்படைத் தலைமை ஆகிய மூன்றையும் ஜனாதிபதியிடமே ஒப்படைத்தது. 1987 ஜூலை 29 அன்று அப்போதைய ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனாவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி வந்திறங்கிய இந்தியப் படை, அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியது. அப்போது பிரதமராயிருந்த பிரேமதாசா ஒப்பந்தத்தை எதிர்த்து, கையெழுத்து விழாவையும் புறக்கணித்தார். தெற்கில் மக்கள் விடுதலை முன்னணி இந்தியாவை ஆக்கிரமிப்பாளராகச் சித்திரித்து ஆயுதக் கிளர்ச்சி நடத்திவந்த சூழலில், படையைத் திருப்பியனுப்புவதாக வாக்குறுதியளித்துப் போட்டியிட்ட பிரேமதாசா, 1988 டிசம்பர் 19 தேர்தலில் 50 விழுக்காட்டைச் சற்றே கடந்து வென்றார்.

பத்தரமுல்லை அறிவிப்பு

கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் ஒரு சமய விழாவில் அறிவிப்பு வெளியானது. ராஜீவ் காந்திக்கான முறைப்படியான கடிதம் அதன் பின்னரே எழுதப்பட்டது. தூதரக வழியில் முதலில் பேசி, உடன்பாடு கண்டபின் அறிவிப்பது என்னும் வழக்கமான வரிசை இங்கே தலைகீழானதால், புதுதில்லிக்கு இக்கோரிக்கை வேண்டுகோளாகவன்றிக் காலக்கெடுவாகவே தோன்றியது. படைவிலகல் வடகிழக்கு மாகாணத்துக்கான அதிகாரப் பகிர்வோடும் தமிழர் பாதுகாப்போடும் பிணைந்தது, ஒருதலையாக நாள் குறிக்க இயலாது என்று ராஜீவ் காந்தி பதிலளித்தார். இந்தியப் படை இலங்கையில் நிற்கும்வரை சார்க் மாநாட்டை நடத்த இயலாது எனக் கொழும்பு நிலையெடுத்ததால், அவ்வாண்டு மாநாடு நடைபெறாமலே போயிற்று.

விளைவுகள்

காலக்கெடு முடியும் தறுவாயில் இரு தரப்பும் இசைந்ததன்படி, 1989 ஜூலை 29 அன்று சில நூறு வீரர்கள் மட்டும் கப்பலேறினர். இதனால் ஜனாதிபதி தாம் குறித்த நாள் பொய்க்கவில்லை என்று கூறிக்கொள்ளவும், இந்தியா கெடுவுக்குப் பணியவில்லை என்று கூறிக்கொள்ளவும் இடமுண்டாயிற்று. செப்டம்பர் 18 உடன்பாடு தாக்குதல் நடவடிக்கைகளை நிறுத்தி, ஆண்டிறுதியை விலகலுக்கான இலக்காக வைத்தது. நவம்பர் தேர்தலில் ராஜீவ் காந்தி தோற்று வி. பி. சிங் பிரதமரானபின் விலகல் விரைவுற்று, 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து புறப்பட்டது.

மதிப்பீடு

பத்தரமுல்லைப் பேச்சு, படை இருக்கலாமா என்ற கேள்வியைப் பின்தள்ளி, எப்போது போகும் என்ற ஒன்றையே பேச்சுவார்த்தையின் பொருளாக்கியது. ஆனால் படை உண்மையில் வெளியேறிய நாளைப் புதுதில்லியின் ஆட்சிமாற்றமே பெரிதும் முடிவுசெய்தது. உள்நாட்டில் எதிர்பார்த்த பயனும் முழுமையாகக் கிட்டவில்லை. இந்திய எதிர்ப்பு முழக்கத்தை ஜனாதிபதி தமதாக்கிக்கொண்ட பின்னும் மக்கள் விடுதலை முன்னணி ஓயவில்லை. 1989 நவம்பரில் அதன் தலைவர் ரோகண விஜேவீர கொல்லப்பட்டபோதே கிளர்ச்சி ஒடுங்கியது. இந்தியப் படையை அகற்றுவதில் கொழும்புடன் ஒத்த நோக்கம் கொண்டிருந்த விடுதலைப் புலிகளுடனான பேச்சும், அந்நோக்கம் நிறைவேறிய மூன்று மாதங்களுக்குள், 1990 ஜூனில் போராக முறிந்தது.