சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு: வளர்ப்பு நாய், பூனைகளின் குடிபெயர்வு குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கணினித் துறை வேலைக்காகச் சென்னையிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபெயரும் குடும்பங்களில் சில, வீட்டு நாயையும் பூனையையும் விட்டுவிட்டுச் செல்ல மனமின்றி உடன் அழைத்துப் போகின்றன. அவ்வாறு உரிமையாளரோடு செல்லும், விற்பனைக்கு அல்லாத நாய், பூனை இரண்டை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பறவைகளுக்கும் முயல்களுக்கும் விதிகள் வேறு.

இக்குடும்பங்கள் தம் கவலை முழுவதையும் விமான நிலையம் வரைக்குமான வேலைகளிலேயே செலவிட்டுவிடுகின்றன. எல்லை கடப்பதற்கான விதிகளோ தெளிவாக எழுதப்பட்டவை. நாள் தவறாமல் செய்தால் காரியம் நடந்துவிடும். விலங்குக்கு உண்மையான சோதனை தொடங்குவது, எந்த அதிகாரியும் கையெழுத்திடாத இடத்தில்: புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் சில வாரங்களில். இதுவே இக்கட்டுரையின் துணிபு. ஆகவே எல்லைப் பகுதியை வேண்டிய அளவு விளக்கிவிட்டு, வீட்டுப் பகுதியில் கூடுதலாகத் தங்குகிறேன்.

2. விதிக்குப் பின்னுள்ள நோய்

ஐரோப்பிய ஒன்றியம் இந்திய நாய், பூனைகளிடம் கேட்கும் சான்றுகள் ஏறக்குறைய எல்லாமே ரேபிஸ் என்ற ஒரு நோயைச் சுற்றியவை. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டு வந்திருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாய்க்கடியால் நோயுற்றவர்கள். ஆசியாவும் ஆப்பிரிக்காவுமே இதன் களம்.

ஜெர்மனியில் இந்நோயைச் சுமந்தது செந்நரி. 1978-இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் கோழித்தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து நரிகளுக்கு இரையாக வீசிப் பார்த்தார்கள். நோய் அங்கேயே நின்றது. 1983 முதல் ஜெர்மனியும் அம்முறையைப் பின்பற்றியது. ஆண்டுக்கணக்கில் காடுகளில் மருந்து இரை தூவிய பிறகு, 2006-இல் கடைசி நரி நோயாளியைக் கண்டது. 2008-இல் நிலவாழ் விலங்குகளின் ரேபிஸ் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு உழைப்பைக் காத்துக்கொள்ள ஒரு நாடு கடுமையாக இருப்பதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. இந்த வரலாறு தெரிந்தவருக்கு விதிகள் அலைக்கழிப்பாகத் தோன்றா.

விதியில் பலருக்குப் புரியாத பகுதி, இரத்தம் எடுத்த பிறகு காத்திருக்கச் சொல்லும் மூன்று மாதம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் போதுமான அளவு இருப்பது தெரிந்த பின்னும் ஏன் காத்திருக்க வேண்டும்? ரேபிஸ் கிருமி உடலுக்குள் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், அறிகுறி காட்டாமல் நரம்பு வழியே நகரும். தடுப்பூசிக்கு முன்பே கடிபட்ட நாய்க்கும் ஊசியால் எதிர்ப்பொருள் உண்டாகலாம். ஆயினும் நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கலாம். அந்த மறைந்த நோய் வெளிப்படுவதற்கான அவகாசமே மூன்று மாதம்.

3. நாள்கணக்கு

முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. இந்த வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது, ஏனெனில் ஊசி போட்டது எந்த விலங்குக்கு என்று நிறுவ முடியாமல் போகிறது. ஊசிக்குப் பின் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் ஏற்பளித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பின்னரே ஒன்றியத்துக்குள் நுழையலாம். முடிவுத்தாள் கையில் வந்த நாளிலிருந்து எண்ணத் தேவையில்லை என்பது நிம்மதி தரும் செய்தி. ஜனவரி 1-ஆம் தேதி ஊசி போட்டால் மாத இறுதியில் இரத்தம், மே முதல் வாரத்தில் பயணம். ஆக, விரைவாகச் செய்தாலும் நான்கு மாதம். குட்டிக்கு 12 வாரம் நிறைந்த பிறகே இந்த ஊசி என்பதால், ஏழு மாதத்தை நெருங்காத எந்தக் குட்டியும் இந்தியாவிலிருந்து முறைப்படி ஜெர்மனிக்குள் நுழைய முடியாது.

இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் வேலையை விட்டு விலக 90 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. வேலைக் கடிதம் வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடினாலும், மனிதருக்கு மூன்று மாதம், நாய்க்கு நான்கு மாதம் என்று கணக்கு இடிக்கிறது. உரிமையாளர் முன்னே போய்விட்டு விலங்கைப் பிறகு வரவழைக்கலாம் என்றால், அதற்கும் எல்லை இருக்கிறது: உரிமையாளரின் பயணத்துக்கும் விலங்கின் பயணத்துக்கும் இடையே ஐந்து நாளுக்கு மேல் போனால், வணிக நோக்கிலான இடமாற்றத்துக்குரிய விதிகள் வந்து சேரும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு சலுகை உண்டு. தடுப்பூசியை ஒருநாளும் காலாவதியாக விடாமல் தொடர்ந்து போட்டுவந்தால், ஒருமுறை செய்த இரத்தப் பரிசோதனை அந்த விலங்கின் ஆயுள் முழுவதும் செல்லும். ஒரு நாள் தவறினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே வெளிநாட்டு வேலைக்கு முயல்வதாக எண்ணம் வந்தவுடனேயே, நேர்காணலுக்கு முன்பே, பரிசோதனையை முடித்து வைத்துக்கொள்வதுதான் அறிவுடைமை. போகாவிட்டாலும் இழப்பது பரிசோதனைக் கட்டணம் மட்டுமே.

கடைசிப் பத்து நாளில் ஒன்றியத்தின் விலங்கு நலச் சான்றிதழ். இந்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடை மற்றும் சான்றளிப்புப் பணியின் சென்னை நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் பலருக்கும் வேலை அங்கேதான். சான்றிதழ் எழுதிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஒன்றியத்தின் எல்லையில் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

4. வானில்

இப்பகுதியில் சொல்ல வேண்டியவை சிலவே. கூண்டுக்குள் விலங்கு நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் வேண்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி அது. பயணத்துக்குச் சில வாரம் முன்பே அந்தக் கூண்டை வீட்டில் திறந்து வைத்து, உள்ளேயே சோறு வைத்து, அதைத் தன் இடமாக்கிக்கொள்ள விட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அனுப்புவதைக் கால்நடை மருத்துவ அமைப்புகளே ஏற்பதில்லை. இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பக் கட்டுப்பாட்டையும் அது குலைக்கும், தடுமாறும் விலங்கு கூண்டுக்குள் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளவும் இயலாது. கோடையில் சென்னை ஓடுதளத்தின் பகல் வெக்கை பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு உயிர் ஆபத்து. மூச்சிரைப்பால்தான் நாய் தன் உடலைக் குளிர்விக்கிறது. அந்த வழியே குறுகிப்போன இனம் அது.

5. வாடகைச் சட்டமும் அண்டைவீட்டாரும்

ஜெர்மனியில் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். ஆகவே விலங்கு பற்றிய சட்டம் பெரும்பாலும் வாடகை வழக்குகளில்தான் உருவாகியிருக்கிறது. கெல்சன்கிர்ஷன் நகரில் ஒரு கூட்டுறவுச் சங்க வீட்டில் குடியேறிய குடும்பம், மகனின் உடல்நிலைக்காக மருத்துவர் பரிந்துரைத்த சிறிய கலப்பின நாயை வைத்திருந்தது. நாய், பூனை கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. வழக்கு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 மார்ச் 20 அன்று தீர்ப்பு வந்தது: ஆளையும் விலங்கையும் பாராமல் எல்லா நாய் பூனைகளையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் அச்சிட்ட நிபந்தனை செல்லாது. உரிமையாளர், வாடகைதாரர், அண்டைவீட்டார் ஆகிய எல்லோர் நலனையும் எடைபோட்டு ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம்.

இத்தீர்ப்பைத் தவறாகப் படிப்பவர்கள் பலர். நாயை விரும்பியபடி வைத்துக்கொள்ளும் உரிமையை அது தரவில்லை; மறுப்பதற்குக் காரணம் வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தவர் வழக்காடி வீடு பிடிக்க முடியாது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் நிற்கும் பெர்லினிலும் மியூனிக்கிலும் உரிமையாளர் காரணமே சொல்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே மறைத்துக் குடிபோவதைவிட, முதல் கடிதத்திலேயே விலங்கின் வயது, எடை, கருத்தடை செய்யப்பட்டதா என்ற விவரம், தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது. கிடைத்த இசைவை எழுத்தில் வாங்க வேண்டும்.

பூனைக்கு வரி இல்லை. நாய்க்கு உண்டு, பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. நாயால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடும் பெர்லினில் கட்டாயம். குரைப்பு பற்றியும் நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன: கொலோன் மேல்நிலை நீதிமன்றம் 1993-இல் தொடர்ச்சியாகப் பத்து நிமிடம், நாளொன்றுக்கு முப்பது நிமிடம் என்று அளவு வைத்து, நண்பகல் ஓய்வு நேரத்திலும் இரவிலும் அதுவும் கூடாது என்றது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் சட்டம் இது ஆகாது. ஆனாலும் சுவர் ஒட்டிய வீடுகளில் அண்டைவீட்டார் எதிர்பார்க்கும் அமைதியின் அளவை இது காட்டுகிறது.

6. வீட்டுக்குள்

6.1 பூனை

ஜெர்மன் வீடுகளின் சன்னலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அது இருவகையில் திறக்கும்: கதவு போலப் பக்கவாட்டில் ஒன்று, மேல்விளிம்பு மட்டும் உள்நோக்கிச் சாயும்படி மற்றொன்று. காற்றுக்காக அதைச் சாய்த்து வைப்பது அந்நாட்டு அன்றாட வழக்கம். கம்பி போட்ட சன்னலையே அறிந்த சென்னைக் குடும்பத்துக்கு, கைப்பிடி அளவு திறப்பு பாதுகாப்பாகவே தோன்றும். பூனை அந்த இடைவெளிக்குத் தாவி நுழைய முயலும். இடைவெளி கீழே போகப் போகக் குறுகுவதால் உடல் வழுக்கி இடுக்கில் இறங்கி வயிற்றோடு சிக்கும். விடுபடத் துள்ளத் துள்ள இன்னும் ஆழமாக இறங்கும். பின்னங்கால்களுக்கான இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. தண்டுவடமும் உள்ளுறுப்புகளும் நசுங்குகின்றன. மீட்கப்பட்ட பின்னும் சில பூனைகள் இறக்கின்றன. அந்நாட்டுக் கால்நடை மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. பக்கவாட்டு இடைவெளியை அடைக்கும் காப்புச் சட்டங்கள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கின்றன. பூனையைக் கூடையிலிருந்து வெளியே விடுவதற்கு முன்பே அவை மாட்டப்பட்டிருக்க வேண்டும். அதுவரை பூனை இருக்கும் அறையில் எந்தச் சன்னலையும் சாய்க்கக் கூடாது. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் யாரேனும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதையே வைத்துக்கொள்ளட்டும்.

பூனை இடத்தை மணத்தால் அறிகிறது. கன்னத்தை மூலைகளில் உரசித் தன் மணத்தைப் பதித்து வைத்திருந்த வீடு திடீரென்று இல்லாமல் போய்விட்டது. புது வீட்டில் அந்த மணம் எங்குமே இல்லை. வந்தவுடன் வீடு முழுவதையும் திறந்து காட்டுவது அன்பால் செய்யும் பிழை. ஓர் அறை போதும்: மணல்தட்டு, தண்ணீர், ஒளிய ஒரு பெட்டி, சென்னையில் படுத்திருந்த துவைக்காத விரிப்பு. வெளியே இழுக்காமல், அதே அறையில் சும்மா உட்கார்ந்து வேலை பார்ப்பது அதற்குப் பேருதவி. அச்சத்தில் உண்ணாதிருப்பதை மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சில நாள் பட்டினியிலேயே பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு உலை வைக்கும். பருத்த பூனைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இரண்டாம் நாளும் உண்ணவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

6.2 நாய்

தனி வீட்டில், மொட்டைமாடியும் கேட்டுமாக வளர்ந்த நாய்க்கு மூன்றாம் மாடி வீடு பல வகையில் அந்நியம். முதல் சிக்கல் தனிமை. சென்னையில் வீட்டில் யாராவது இருந்துகொண்டே இருந்தார்கள்: தாத்தா, பாட்டி, வீட்டு வேலைக்கு வருபவர், வாசலில் காய்கறிக்காரர். ஜெர்மனியில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால் வீடு ஒலியற்றுப்போகிறது. நாய் அழுகிறது, குரைக்கிறது, அண்டைவீட்டார் கடிதம் எழுதுகிறார்கள். வந்த மறுவாரமே முழுநாள் விட்டுப் போகாமல், சில நிமிடத்தில் தொடங்கித் தனியே இருக்கும் நேரத்தைப் படிப்படியாக நீட்ட வேண்டும். முடிந்தால் முதல் மாதத்துக்கு வீட்டிலிருந்தே பணி செய்ய இசைவு கேட்பது, பணியாணையில் கையெழுத்திடும்போதே செய்ய வேண்டிய வேலை.

2022 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட நாய் காப்பு ஆணை, நாயைப் போதிய அளவு வெளியே உலாவ விட வேண்டும் என்கிறது. நாயைச் சங்கிலியில் கட்டி வைத்து வளர்ப்பதும் தடை செய்யப்பட்டுவிட்டது. நம் ஊரில் வாசலில் கட்டிக் கிடக்கும் நாய்களை நினைக்கும்போது, இங்கும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்தது உண்ணி. சென்னை நாய்களின் மீது வாழும் பழுப்பு நாய் உண்ணியால் ஜெர்மனியின் குளிரில் வெளியே குடும்பம் நடத்த முடியாது. சூடேற்றிய வீட்டுக்குள் அதனால் முடியும்! நாயோடு வந்த சில உண்ணிகள் தரைச் சட்ட இடுக்கிலும் கட்டிலடியிலும் முட்டையிட்டுப் பெருகினால் வீட்டை விட்டுத் துரத்துவது பெரும்பாடு. வாடகை வீட்டில் இது உரிமையாளரோடு வழக்காகவும் முடியலாம். இதே உண்ணி எர்லிக்கியா என்ற இரத்தத் தொற்றையும் பரப்புகிறது; அது மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். ஆகவே புறப்படும் முன் உண்ணி மருந்தோடு இதற்கான இரத்தப் பரிசோதனையும் தேவை. அறிக்கையைப் புது ஊர் மருத்துவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

மைக்ரோசிப் எண்ணை ஜெர்மனியில் ஒரு பதிவகத்தில் உரிமையாளர்தான் பதிய வேண்டும். தாஸோ என்ற அமைப்பு இதைக் கட்டணமின்றிச் செய்கிறது. பதியாவிட்டால், மிரண்டு ஓடிய நாயைக் கண்டெடுத்தவருக்குக் கிடைப்பது பதினைந்து இலக்கம் மட்டுமே.

6.3 உணவும் ஒளியும்

நம் வீட்டு நாய்களில் பல தயிர்சாதத்திலும் பால்சோற்றிலும் வளர்ந்தவை. பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருள்களை இந்தியாவிலிருந்து பயணப்பெட்டியில் ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. அங்கே தயிர் கிடைக்கும், அரிசியும் கிடைக்கும். ஆயினும் பயணம், குளிர், புது உணவு மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் வயிறு தாங்காது. ஜெர்மனியில் கொடுக்கப்போகும் தீனியைச் சென்னையிலேயே சிறிது சிறிதாகப் பழக்கிவிட வேண்டும். நேர வேறுபாடு கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. உணவு நேரத்தை நாளுக்கு அரைமணி வீதம் தள்ளினால் பத்து நாளுக்குள் உடல் பழகும். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடுவதால், முதல் பயணத்துக்கு ஏப்ரல், மே மாதங்களையே நான் பரிந்துரைப்பேன்; இருளும் பனியும் இல்லாமல் தெருவைப் பழகிக்கொள்ள நாய்க்கு அரையாண்டு கிடைக்கும்.

7. அழைத்துச் செல்லாமை

பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகியவற்றையும் அவற்றின் கலப்பினங்களையும் ஜெர்மனிக்குக் கொண்டுவர 2001-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. இதய நோயுள்ள முதிய நாய், மூச்சுத் திணறும் சப்பை மூக்கு நாய், மதில்மேலும் ஓட்டின்மேலும் நாளெல்லாம் திரிந்து பழகிய பூனை ஆகியவற்றுக்குச் சட்டத் தடை இல்லை. அழைத்துச் செல்லலாமா என்று தீர்மானிப்பது குடும்பத்தின் பொறுப்பு. என் தீர்ப்பு கடுமையாகத் தோன்றலாம்: அதே தெருவில், அதே வீட்டில், அதற்குத் தெரிந்த மனிதர்களோடு வாழ வழி இருந்தால் இவற்றை அங்கேயே விடுவதுதான் அன்பு. அறிமுகமில்லாத காப்பகத்தில் விடுவது வேறு. அதை ஏற்க முடியாது.

விட்டுச் செல்வதாக முடிவெடுத்தாலும், இளம் விலங்காக இருந்தால் மைக்ரோசிப்பும் இரத்தப் பரிசோதனையும் செய்து வைப்பது நல்லது. ஆண்டுதோறும் ஊசித் தேதியை நினைவூட்டும் பொறுப்பை அங்கே பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். ஜெர்மனியில் தோட்டத்தோடு வீடு அமைந்து, நிலை மாறி, அழைத்துக்கொள்ளலாம் என்ற நாள் வந்தால், பள்ளிக்கரணைச் சான்றிதழுக்கான பத்து நாள் மட்டுமே பாக்கியிருக்கும்.